இயக்க விதிகள்

விசைக்கும் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் கூறும் மூன்று அடிப்படை விதிகள் இயக்க விதிகள் எனப்படும். ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ என்னும் இலத்தீன் நூலில் இவற்றை வகுத்துரைத்தார். இவை உருவாவதற்கு முன் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஒரு வாதம் நடந்தது: எறிந்த கல், கையை விட்ட பிறகும் ஏன் போய்க்கொண்டிருக்கிறது?

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், தள்ளுவதற்கு ஒன்று இருந்தால்தான் பொருள் நகரும் என்றார். மாடு நின்றதும் வண்டி நிற்பதை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இதில் ஐயம் எழ வழியில்லை. எறிந்த கல்லைக் காற்று தள்ளிச் செல்கிறது என்று அவர் விளக்கினார். 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஜான் பிலோபோனஸ் இதை மறுத்தார். காற்றுதான் தள்ளுகிறது என்றால், நாணேற்றாமலே அம்பின் பின்னால் காற்றை வீசி அதைச் செலுத்திவிடலாமே என்று கேட்டார். எறிபவர் ஏதோ ஒரு வலுவைக் கல்லுக்குள் ஏற்றிவிடுகிறார் என்பது அவர் கருத்து.

14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பூரிடான் எடுத்துக்காட்டிய சான்றுகள் இன்னும் கூர்மையானவை. கொல்லன் பட்டறைச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. கையை எடுத்த பிறகும் சுற்றுகிறது. அதன் பின்னால் காற்று வந்து நிரப்ப இடமே இல்லை. ஆற்றோட்டத்தை எதிர்த்து வேகமாக இழுக்கப்படும் படகு, இழுப்பதை விட்ட பிறகும் சட்டென்று நிற்பதில்லை. மேல்தட்டில் நிற்பவர் தன் முதுகில் காற்றை உணர்வதில்லை, முகத்தில்தான் உணர்கிறார். ஏற்றப்படும் வலு, பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்றார் பூரிடான். இன்றைய ‘உந்தம்’ என்னும் கருத்தின் சாயல் இதில் தெரிகிறது.

திருப்புமுனை கலிலியோ. 12 முழ நீள மரச்சட்டத்தில் விரல் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக ஒரு காடி வெட்டி, இழைத்து, தோல்தாள் ஒட்டி, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். இருமடங்கு நேரத்தில் குண்டு நான்கு மடங்கு தூரம் உருண்டது. பின்னர் எதிரெதிரான இரு சாய்தளங்களைக் கற்பனை செய்தார்: ஒன்றில் இறங்கும் குண்டு மற்றொன்றில் ஏறத்தாழ அதே உயரம் ஏறும்; அந்தச் சாய்வு குறையக் குறைய நெடுந்தூரம் ஓடும்; தளம் மட்டமானால் நிற்கக் காரணமே இல்லை. ஓடுவதற்குக் காரணம் தேடிய காலம் இங்கே முடிந்தது. நிற்பதற்குத்தான் காரணம் வேண்டும், அது உராய்வு. வீட்டுக்காவலில் அவர் எழுதி முடித்த ‘இரு புதிய அறிவியல்கள்’ 1638-இல் லெய்டனில் அச்சானது.

ஆனால், கலிலியோவின் ‘மட்டமான தளம்’ பூமியைச் சுற்றி வளைந்தது. புறவிசை இல்லாதபோது பொருள் நேர்கோட்டிலேயே செல்லும் என்று 1644-இல் தெளிவாகச் சொன்னவர் தெகார்த்.

இதுவே நியூட்டனின் முதல் விதி. பொருளின் இந்தத் தன்மையைத் தமிழகப் பாடநூல்கள் நிலைமம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் சடத்துவம் என்றும் குறிக்கின்றன. இரண்டாம் விதியின்படி, இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் விசைக்கு நேர்விகிதத்திலும் அதன் திசையிலும் அமையும். பள்ளி மாணவர்கள் அறிந்த ‘விசை = நிறை × முடுக்கம்’ என்னும் சமன்பாடு பிரின்சிப்பியாவில் அந்த வடிவில் இல்லை; அதைப் பொது விதியாக நிறுவியவர் லியோனார்டு ஆய்லர், 1750-இல்.

மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. கல்லை அழுத்தும் விரலைக் கல்லும் அழுத்துகிறது என்பது நியூட்டனே தரும் எடுத்துக்காட்டு. விசைகள் சமம் என்றால் குதிரை இழுக்கும் கல் எப்படி நகர்கிறது என்ற குழப்பம் இன்றும் வகுப்பறைகளில் எழுகிறது. அவ்விரு விசைகளும் வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படுவதால் ஒன்றையொன்று அழிப்பதில்லை. குதிரை தரையைப் பின்னோக்கி உதைக்கிறது. தரை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. கல்லின் உராய்வைவிட இழுவிசை மிகும்போது கல் நகர்கிறது.

ஒளியின் வேகத்தை நெருங்கும் பொருள்களுக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா என்பதை 1905-இல் ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் காட்டியது. பேருந்துக்கும் பந்துக்கும் பாலத்துக்கும் நியூட்டனின் கணக்கே போதுமானது.