மூணு நாள் காய்ச்சல், ஆயுசு முழுக்கப் பாதிப்பு: ரூபெல்லாவின் கதை

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல ஏதோ ஊசி போடறாங்க, பிள்ளைக்குப் போட விடாதீங்கன்னு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு மேல ஃபார்வர்டு. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி மட்டுமில்ல, தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். அது தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி. தட்டம்மை எல்லாருக்கும் தெரியும். ரூபெல்லா? அதோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

ரூபெல்லா பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண நோய். லேசான காய்ச்சல், மூணு நாள் தடிப்பு, அவ்வளவுதான். பலருக்கு வந்துட்டுப் போனதே தெரியாது. ஆனா கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தா, வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி கருவுக்குப் போயிடும். கண், காது, இதயம், மூளை உருவாகிற நேரம் அது. செல்கள் பெருகும் வேகம் குறையும், சின்ன ரத்தக்குழாய்கள் சேதமாகும். இந்தக் கட்டத்தில் தொற்று வந்தா பத்துக்கு எட்டு, ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். 20 வாரத்துக்கு அப்புறம் ஆபத்து ரொம்பக் குறைவு.

இதை முதலில் கவனிச்சவர் ஒரு கண் டாக்டர். சிட்னியில் நார்மன் கிரெக், 1941. பிறவியிலேயே கண்புரையோட வந்த 78 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார். அதில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு வைரஸ் கருவைப் பாதிக்குமான்னு அப்போ பல மருத்துவர்கள் சந்தேகப்பட்டாங்க. புரை கண்ணுக்குத் தெரியும், அதனால சீக்கிரம் பிடிபட்டது. காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் குழந்தை வளர வளரத்தான் தெரியும்.

1964–65-ல் அமெரிக்காவில் பெரிய ரூபெல்லா பரவல். சுமார் 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்போட பிறந்தாங்க. நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் அப்படிப்பட்ட 243 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமா இருக்குன்னு 1971-ல் எழுதினார். அதுக்குள்ள, 1969-லேயே, அங்கே தடுப்பூசி வந்தாச்சு.

நம்ம ஊர்ல? இங்கேயும் கண் டாக்டர்கள்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரை 1996-ல் வெளியானது. ஒரு வயசுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்குக் காரணம் ரூபெல்லா. அதே 1996-ல் இலங்கை பெண்களுக்கு ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பிச்சது. 2020-ல் ரூபெல்லாவை ஒழிச்ச நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. இந்தியாவின் தேசியத் திட்டத்தில் இந்த ஊசி சேர 2017 ஆச்சு.

ஏன் இவ்வளவு தயக்கம்? ஒரு நியாயமான காரணமும் இருக்கு. இந்த ஊசியை அரைகுறையா போட்டா, போடாம இருப்பதைவிட மோசமாகலாம். கொஞ்சம் குழந்தைகளுக்கு மட்டும் போட்டா வைரஸ் சுற்றுவது குறையும், ஆனா நிற்காது. சின்ன வயசில் வராம தப்பிச்ச பெண்கள், எதிர்ப்புச் சக்தி இல்லாமலே கர்ப்பம் தரிக்கிற வயசுக்கு வந்துடுவாங்க. கிரீஸில் இதுதான் நடந்தது. குறைவான பேருக்கே ஊசி போட்டு வந்த அந்த நாட்டில், 1993-ல் ரூபெல்லா பரவி, 25 குழந்தைகள் பாதிப்போட பிறந்தாங்க.

அதனாலதான் 2017-ல் 9 மாசம் முதல் 15 வயசு வரை, ஆண் பெண் வித்தியாசமில்லாம, எல்லாருக்கும் ஒரே மூச்சில் போடணும்னு முடிவு. தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில் முதலில் தொடங்கியது. எல்லாருக்கும் போடணும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. வதந்தி அடிச்சதும் அங்கேதான். பெற்றோர் தயங்க, பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச் மாசத்துக்கு நீண்டது.

இப்போ ஒரு கணக்கு. 2017-ல் 15 வயசைத் தாண்டியிருந்தவங்க யாரு? இதைக் கேட்டுட்டிருக்கிற நம்மில் நிறைய பேர். அந்த முகாம் நமக்கானது இல்ல. சின்ன வயசில் தனியார் கிளினிக்கில் எம்எம்ஆர் ஊசி போட்டிருந்தா சரி, இல்லன்னா எதிர்ப்புச் சக்தி இருக்கா இல்லையான்னு தெரியாது. நம்ம தலைமுறைதான் இப்போ கல்யாணம், குழந்தைன்னு திட்டம் போடுது.

வீட்டில் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்க. கிடைக்கலன்னா டாக்டர்கிட்ட கேளுங்க; ரத்தப் பரிசோதனையில் தெரிஞ்சிடும். ஊசி தேவைன்னா கர்ப்பத்துக்கு முன்னாடியே போடணும், போட்ட பிறகு குறைஞ்சது ஒரு மாசம் இடைவெளி விடணும். கர்ப்பமா இருக்கும்போது போடக்கூடாது. கல்யாணச் செலவுப் பட்டியலில் இதுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.