தறித் தெருவின் பெருநாள்கள்



பெருநாளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சட்டங்களை எழுதுவர். அல்லது அதன் சிறப்புகளை எழுதுவர். ஓர் இல்லம் தன் பெருநாள்களை எவ்வாறு கடந்து வந்தது, செழிப்பான ஆண்டில் எதைச் சமைத்தது, வறண்ட ஆண்டில் எதைக் கைவிட்டது, எதைக் கைவிட மறுத்தது என்பதை எழுதுவோர் குறைவு. நம் சங்கரன்கோவிலிலும், மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி ஆகிய ஊர்களிலும் நூலை நம்பி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் நோன்புக் காலத்தை அந்த நோக்கில் சிறிது பார்ப்போம்.

ரமளான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) கடமையாக்கப்பட்டது. முதல் நோன்புப் பெருநாளும் அவ்வாண்டிலேயே மதீனாவில் கொண்டாடப்பட்டது. மதீனத்து மக்கள் முன்பிருந்தே விளையாடி மகிழ்வதற்கென இரண்டு நாள்களை வைத்திருந்தனர் என்பதையும், அவற்றிற்குப் பகரமாகவே இரு பெருநாள்கள் வழங்கப்பட்டன என்பதையும் நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். மகிழ்ச்சிக்கான நாளாகவே அது தொடங்கிற்று. அந்த மகிழ்ச்சி எல்லா வீட்டையும் எட்ட வேண்டும் என்பதற்காகவே ஃபித்ரா விதிக்கப்பட்டது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தைக்காகவும்கூட, ஒரு ஸாஉ அளவு பேரீச்சம்பழமோ வாற்கோதுமையோ பெருநாள் தொழுகைக்கு முன்னரே ஏழைகளின் கையில் சேர்ந்துவிட வேண்டும்.

யார் கொடுக்க வேண்டும் என்பதில் மத்ஹபுகளிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் நிஸாப் அளவு உடைமை உள்ளவரே கொடுப்பார். ஷாஃபிஈ மத்ஹபில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் குடும்பத்திற்குத் தேவையான உணவும் அத்தியாவசியத் தேவைகளும் போக எஞ்சியது உள்ள எவரும் கொடுப்பார். ஆகவே, ஒரே வீடு ஒரு கையால் ஃபித்ரா வாங்கி, மறு கையால் ஃபித்ரா கொடுப்பதும் அங்கே நிகழும். மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. தறித் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் மட்டும் சிரிப்பதில்லை. கொடுக்கும் வீடு வாங்கும் வீடாவதற்கும், வாங்கும் வீடு கொடுக்கும் வீடாவதற்கும் இரண்டு ஆண்டுகள் போதும் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதற்குத் தொழிலின் தன்மை ஒரு காரணம். பிறையின் ஓட்டம் மற்றொரு காரணம். சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே. ஆதலால் ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள்கள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. பொங்கலோ தீபாவளியோ அவ்வாறன்று; அவற்றிற்குரிய பருவம் மாறுவதில்லை. எனவே சேமிப்பையும் போனஸையும் அவற்றை ஒட்டி அமைத்துக்கொள்ள முடிகிறது. 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரு வார இடைவெளிக்குள் வந்தன. அப்போது ஊரின் கடைவீதி இரு சமூகத்தாராலும் ஒருசேர நிறைந்தது. 1980இலும், பின்னர் 2012, 2013இலும் ஆடி மாதத்தில் ரமளான் வந்தது. நம் ஊரின் பெருவிழாவான ஆடித்தபசுக்கு மக்கள் பார்த்த முழுநிலவே நமக்கு ரமளானின் நடுப்பிறை. தபசுக் கூட்டம் தெருக்களை அடைத்திருந்த மாலையில், கஞ்சி வாளியைக் கையில் பிடித்த பிள்ளைகள் சந்துகள் வழியாகச் சுற்றி வீடு சேர்ந்தனர்.

கைத்தறிக் காலத்தில் நெசவாளர் அஞ்சிய பருவம் ஐப்பசி, கார்த்திகை. பாவைத் தெருவில் நீளவாக்கில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தினால்தான் நூல் தறியில் அறாமல் நிற்கும். அடைமழையில் பாவு நீட்ட இயலாது. பாவு இல்லையேல் தறி இல்லை. தறி ஓடவில்லையேல் கூலி இல்லை. 1969 முதல் 1971 வரை நோன்பு இந்த மழைக்குள்ளேயே வந்தது. அத்தகைய ஆண்டுகளில் பெருநாள் புத்தாடை என்பது மூத்தவனின் சட்டையைப் பிரித்துத் தைத்து இளையவனுக்கு அணிவிப்பதாகவே பல வீடுகளில் முடிந்தது. ஊருக்கெல்லாம் துணி நெய்தவர் வீட்டின் நிலை இது.

ஆயினும் நோன்புக் கஞ்சி நின்றதில்லை. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு, கடைசியில் தேங்காய்ப்பால். வசதியிருந்தால் கொத்துக்கறி சேரும், இல்லையெனில் சேராது. பள்ளிவாசல் முற்றத்தில் அஸருக்கு முன்னரே தேக்சா அடுப்பேறும். வரிசையில் நிற்கும் தூக்குவாளிகளில் எது தறி முதலாளி வீட்டுடையது, எது தார் சுற்றும் மூதாட்டியுடையது என்று பிரித்தறிய முடியாது. ஒருவர் ஏழையென அறியப்படாமலேயே அவர் வீட்டிற்கு முப்பது நாளும் உணவு செல்லும் ஏற்பாடு இது. நம் முன்னோர் செய்துவைத்தவற்றில் நாம் மிக உயர்வாக மதிப்பது இதனையே.

இக்குடும்பங்களின் வரலாற்றில் கடலுக்கும் பங்குண்டு. கைத்தறி நலிந்தபோது கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூருக்குச் சென்றனர். தமிழகத்தின் பிற ஊர் முஸ்லிம்களில் ஆண்கள் மட்டும் சென்று பொருளீட்டித் திரும்புவதே வழக்கமாயிருக்க, இவ்விரு ஊரார் மனைவி மக்களோடு சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றிற்று. போருக்குப் பின் 1946இல் அவர்கள் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடைபெற்றது. சிங்கப்பூரில் இன்றும் கடையநல்லூர் என்ற பெயரில் ஒரு தெரு உள்ளது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில்தான் மிகக் கொடிய பெருநாள் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று; மார்ச் மாதத்தில் ரங்கூனும் வீழ்ந்தது. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த மணியார்டர்கள் நின்றன, கடிதங்களும் நின்றன. கைலிக்கும் சேலைக்கும் கடல் கடந்து இருந்த சந்தையும் அறுந்தது. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் அக்டோபர் மாதத்தில் அமைந்தது. மலையடிவாரத்து வீடுகளில் மகன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாத தாய்மார், அவன் பெயருக்கும் சேர்த்து ஃபித்ரா அளப்பதா வேண்டாமா என்று ஆலிம்களிடம் கேட்டிருப்பார்கள். சட்ட நூல்களில் காணாமற்போனவருக்கான ஃபித்ராவைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆண்டே நம் நினைவுக்கு வருகிறது. மறு ஆண்டு, 1943இல், துணிக்கும் நூலுக்கும் அரசுக் கட்டுப்பாடு வந்தது.

விடுதலைக்குப் பிறகும் தறிக்கு நிம்மதி வந்துவிடவில்லை. 1952, 1953 ஆண்டுகளில் விற்காத கைத்தறித் துணிகள் குவிந்தன. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சர் இராஜாஜி வலியுறுத்தினார். 1953 ஜனவரியில் அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அரசியலில் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் நெசவாளருக்காகக் குரல் கொடுத்த அரிய காலம் அது.

பின்னர் விசைத்தறி வந்தது. 1973க்குப் பின் வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் செல்வமும் வந்தது. கொடுக்கும் வீடுகள் பெருகின. சவூதியில் பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் அமைவதால், அங்கிருக்கும் தந்தை வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைக்கும்போது இங்கே பிள்ளைகள் கடைசி நோன்பில் இருப்பார்கள். வாழ்த்தைப் பெற்றுக்கொண்டு, இஃப்தாருக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அரசும் கஞ்சியில் பங்கு கொண்டது. 2001 முதல் நோன்புக் கஞ்சிக்கெனப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு பச்சரிசி வழங்கிவருகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டபோது, 2,895 பள்ளிவாசல்களுக்கென ஒதுக்கப்பட்ட 5,450 டன் அரிசியைக் கஞ்சியாக அன்றி அரிசியாகவே இல்லங்களுக்குப் பகிர்ந்தளிக்க ஏற்பாடாயிற்று. தேக்சா ஏறாத அந்த ரமளானில் தறிகளும் ஓடவில்லை. அதுவரை ஃபித்ரா வாங்காத வீடுகளைத் தேடிச் சென்று, கதவருகே பையை வைத்துவிட்டுத் திரும்பிய இளைஞர்களை நாம் அறிவோம். வைத்தவர் யாரென்று வீட்டாரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 மே 3 அன்று பெருநாள். அம்மாதத்தில் ஒரு கேண்டி (356 கிலோ) பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. நூல் விலை ஏறினால் முதலாளி தறியை நிறுத்துவார். பீஸுக்குக் கூலி பெறுபவர் வீட்டில் அடுப்பு தயங்கும்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த துன்பங்கள். நாமே உருவாக்கிக்கொண்ட துன்பம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. மகளை மணமுடித்துக் கொடுத்த முதலாண்டின் பெருநாளைத் ‘தலைப் பெருநாள்’ என்கிறோம். மருமகனுக்குப் புத்தாடை, மோதிரம், சம்பந்தி வீட்டாருக்கெல்லாம் துணிமணி, தட்டுத் தட்டாகப் பலகாரம் என்று சீர் அனுப்ப வேண்டும். இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. அன்பளிப்பு நபிவழிதான், ஆனால் எண்ணிப் பார்த்துக் குறை சொல்லப்படும் அன்பளிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. ஃபித்ரா பெறும் தகுதியிலுள்ள ஒரு தந்தை, தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அது போதாமல் வட்டிக்கும் வாங்கிச் சீர் அனுப்புகிறார். முன்பணம் வாங்கியவர் கூலி உயர்வு கேட்டு வாய் திறக்கவும் இயலாது. வேறு தறிக்கு மாறவும் இயலாது. ஒரு நாள் சீருக்காக மூன்றாண்டு உழைப்பு அடகில் கிடக்கிறது. கணக்கு எழுதிப் பார்த்தால், மழையும் நூல் விலையும் சாய்த்த குடும்பங்களுக்குச் சமமாகச் சீரும் சாய்த்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். நம் மஹல்லாவில் சில குடும்பத்தார், சம்பந்தி வீட்டாரை நேரில் சந்தித்து, “பிள்ளைகளை அனுப்புங்கள், போதும், தட்டு வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கியுள்ளனர். சொல்ல வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டார் சொன்னால் அது எடுபடாது.

இறுதியாகப் பிறை. முன்பு பிறைச் செய்தி ஆள் மூலம் வந்தது. பின்னர் தந்தியிலும் வானொலியிலும் வந்தது. இரவு பத்து மணிவரை வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. அறிவிப்பு வரும்வரை கறி வாங்குவதா, ஸஹருக்குச் சோறு வடிப்பதா என்று பெண்கள் இரண்டுக்கும் ஆயத்தமாயிருப்பர். கடந்த முப்பது ஆண்டுகளாக வேறொரு சிக்கல் வந்துள்ளது. தலைமை காஜியின் அறிவிப்பை ஏற்போர், உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்போர், கணக்கீட்டை ஏற்போர் என்று ஊர் பிரிந்தது. ஊரோடு வீடும் பிரிந்தது. ஒவ்வொரு தரப்பாரிடமும் ஆதாரங்கள் உண்டு. அவற்றை எடைபோடுவது இக்கட்டுரையின் பணியன்று. வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதை மட்டும் கூறுவோம்.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மூத்த மகன் ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் தொழுது வருகிறார். தந்தையும் இளையவரும் அன்று நோன்பு. முதல் இரண்டு ஆண்டுகள் அவ்வீட்டில் வாக்குவாதம் நிகழ்ந்தது; மூத்தவர் மனைவியுடன் மாமனார் வீட்டிற்குச் சென்றுவிட்டார். மூன்றாம் ஆண்டு தாயார் எவரிடமும் எதுவும் பேசவில்லை. நோன்புடனேயே அதிகாலையில் இடியாப்பம் அவித்து, கறி ஆணம் காய்ச்சி, உப்புப் பார்க்காமலேயே மூத்தவருக்குப் பரிமாறினார். மறுநாள் அதே சட்டியில் மற்றவர்களுக்கும் சமைத்தார். மூத்தவரும் மறுநாள் வந்து அமர்ந்து உண்டார். அவ்வீட்டில் ஆண்டுதோறும் இப்போது இரண்டு நாள் இடியாப்பம். பேரப்பிள்ளைகள் இரண்டு நாளும் பெருநாள் காசு கேட்கிறார்கள். பாட்டனார் இரண்டு நாளும் கொடுக்கிறார்.