தசை அணுவின் வளர்ச்சியில் சங்கேதமற்ற ஆர்.என்.ஏ.: ஒரு கருத்தின் வரலாறு

கர்ப்பத்தில் வளரும் சிசுவின் தேகத்தில் தசையாக மாற வேண்டிய மூல அணுக்கள் முதலில் ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகுகின்றன. பின்னர் ஒரு கட்டத்தில் பெருகுவதை அடியோடு நிறுத்திவிட்டு, ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்களை உடைய நீண்ட இழைகளாகி, மையோசின், ஆக்டின் முதலிய புரதங்களை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டு, சுருங்கி விரியும் சக்தியைப் பெறுகின்றன. பெருகுதலும் முதிர்தலும் ஒருங்கே நிகழ இயலாத நிலைகளாதலால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேளையை நிர்ணயிப்பது எது என்னும் வினாவே தசை வளர்ச்சி ஆராய்ச்சியின் மையமாக விளங்கி வந்திருக்கிறது. விடை தேடியவர்கள் நெடுங்காலம் புரதங்களையே நோக்கினார்கள். புரதம் எதற்கும் சங்கேதம் தாங்காத ஆர்.என்.ஏ.க்களுக்கும் இதில் பங்குண்டு என்ற அறிவு மிக அண்மையில் தோன்றியதென்பது பொது அபிப்பிராயம். வரலாற்றை நிதானமாக ஆராய்ந்தாலோ, அவை தசை ஆராய்ச்சியாளரின் கண்முன் முன்பே பலமுறை வந்து நின்றன என்பதும், புரதம் ஒன்றையே பொருளுடையதாகக் கருதிய மனப்பான்மையால் அவற்றின் மதிப்பு உணரப்படாமற் போயிற்று என்பதும் தெளிவாகும்.

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்ஸ்வா ஜாக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961-இல், ஜீன்களின் செயலை அடக்கும் பொருள் ஒன்று உண்டென்று கூறியபோது, அது ஆர்.என்.ஏ.வாக இருக்கக்கூடுமென்றே கருதினார்கள். 1966-இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பாக்டீரியாவிலிருந்து அத்தகைய அடக்கி ஒன்றைப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார்கள். நிரூபணம் சரியானதே, ஆனால் பாக்டீரியாவின் ஓரிடத்தைப் பற்றிய அவ்வுண்மை ஜீவராசிகள் அனைத்துக்கும் பொதுவான சித்தாந்தம் போலப் பரவிவிட்டது. அச்சூழ்நிலையில்தான் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஹேவுட்டும் அவருடைய சகாக்களும் கோழிக்கருவின் தசையை ஆராய்ந்து, மையோசினுக்குரிய தூது ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து அதன் வேலையைத் தடுக்கும் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று உண்டென்று 1975, 1976-ஆம் ஆண்டுகளில் அறிவித்தார்கள். பிற்காலத்து மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே அவர்கள் கண்டுவிட்டார்கள் என்பது மிகையாகும். எனினும், ஒரு ஆர்.என்.ஏ. மற்றோர் ஆர்.என்.ஏ.வைக் கட்டுப்படுத்தித் தசைப்புரதத்தின் உற்பத்தியை நிதானப்படுத்தக்கூடும் என்ற எண்ணம் தசையிலிருந்தே முன்வைக்கப்பட்டது என்பதையும், அதற்குரிய செவிசாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அடுத்த நிகழ்ச்சி இதனினும் வியப்புக்குரியது. சியாட்டில் நகரத்துப் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் டேவிஸ், ஹெரால்ட் வைன்ட்ராப், ஆண்ட்ரூ லாசர் ஆகியோர், தசைமூல அணுக்களில் மிகுதியாகச் செயற்படும் ஜீன்களைத் தேடி, 1987-இல் மூன்றினைத் தெரிந்தெடுத்தார்கள். அவற்றுள் மையோ-டி என்பதைச் சுண்டெலியின் இணைப்புத் திசு அணுவினுள் செலுத்தியபோது, அவ்வணு தன் இயல்பை விட்டுத் தசைமூல அணுவாகவே மாறிற்று. ஒரே ஒரு புரதம் ஓர் அணுவின் விதியை மாற்றிவிட்ட அச்செய்தி உலகெங்கும் பரவியதில் நியாயம் உண்டு. ஆனால் அதே தேடலில் அகப்பட்ட மையோ-எச் என்னும் ஜீனை நினைவுகூர்ந்தவர் வெகுசிலர். ஈரலில் அதே ஜீனை எச்-19 என்ற பெயரால் ஆராய்ந்துவந்த ஷெர்லி டில்மனின் பிரின்ஸ்டன் குழுவினர், மனிதனிலும் சுண்டெலியிலும் அதன் எழுத்துக்களை ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவான புரதச் சங்கேதம் எதுவும் இல்லை என்றும், அந்த ஆர்.என்.ஏ. ரைபோசோமை அண்டாமலே அணுவினுள் இருக்கிறது என்றும் கண்டு, அந்த ஜீனின் இறுதி விளைபொருள் ஆர்.என்.ஏ.வே ஆகலாம் என்று 1990-இல் எழுதினார்கள். தசையின் தலைமைப் புரதமும் தசையின் சங்கேதமற்ற ஆர்.என்.ஏ. ஒன்றும் ஒரே சல்லடையில் ஒருங்கே அகப்பட்டிருந்தன! எச்-19 தன்னுள் அடங்கிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் வாயிலாகத் தசையின் முதிர்ச்சிக்கும், காயமுற்ற தசை மீண்டும் உருவாவதற்கும் துணைபுரிகிறது என்று காட்டப்பட்டது 2014-இல்தான்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கதையோ தசையில் தொடங்கவில்லை. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் 1993-இல் மண்ணில் வாழும் நுண்புழு ஒன்றில், ஏறத்தாழ 22 எழுத்துக்களே கொண்ட லின்-4 என்னும் ஆர்.என்.ஏ., வேறொரு தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் பொருந்தி அதனை அடக்குகிறது என்று கண்டார்கள். 2024-இல் நோபல் பரிசு பெற்ற அக்கண்டுபிடிப்பு, புழுவுக்கே உரிய விசித்திரமென்று ஏழாண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தது. 2002-இல் தாமஸ் டுஷ்லின் குழுவினர் சுண்டெலியின் அவயவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, மைக்ரோ-1 என்பது இதயத்தில் நிறைந்திருக்கக் கண்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்தவை எலும்பைப் பற்றிய தசையிலும் மிகுதி என்பது விரைவில் விளங்கிற்று.

இனி வரும் 2006-ஆம் ஆண்டையே இத்துறையின் திருப்புமுனை என்பேன். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் டா-ஜி வாங் குழுவினர் தசைமூல அணுக்களில் மைக்ரோ-1, மைக்ரோ-133 என்னும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முன்னது, தசை ஜீன்களை அடக்கிவைக்கும் எச்.டி.ஏ.சி.-4 என்ற புரதத்தைக் குறைத்து முதிர்ச்சியைத் தூண்டுகிறது, பின்னதோ எஸ்.ஆர்.எப். என்ற புரதத்தைக் குறைத்துப் பெருக்கத்தை ஊக்குகிறது. ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டியெடுக்கப்படும் இரண்டு துண்டுகள் எதிரெதிரான காரியங்களைச் செய்வது எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது. முதிர்ச்சிக்கு ஆணை பிறக்கும்போதே அதனை மட்டுப்படுத்தும் ஒரு தடையும் உடன்பிறப்பதால், மூல அணுக்களின் தொகை போதிய அளவு பெருகுவதற்கு முன்னர் அவை அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் காக்கப்படுகின்றன என்பது என் கருத்து. இவ்விரு துண்டுகளின் ஜீன்களுக்கு அருகே மையோ-டி, மையோஜெனின் என்னும் புரதங்களே வந்து அமர்கின்றன என்பதும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. ஆகவே ஆர்.என்.ஏ. புரதத்தின் ஸ்தானத்தைப் பறித்துக்கொள்ளவில்லை; அதன் ஆணைக்கு அளவு வகுத்தது.

அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்து மிஷேல் ஜார்ஜ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பரிசோதனைக் குடுவைக்கு வெளியே, மந்தையிலேயே கிடைத்த சான்றாகும். டெக்செல் தீவின் பெயர் தாங்கிய செம்மறியாட்டு வகை, திரண்ட தசைக்குப் பேர்போனது. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மையோஸ்டாட்டின் என்ற புரதம் அவ்வாடுகளில் பழுதுபட்டிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அப்புரதத்தின் சங்கேதத்தில் பிழையேதும் இல்லை. சங்கேதத்துக்கு அப்பால், தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஜி என்ற ஓரெழுத்து ஏ என்று மாறியிருந்தது. அம்மாற்றத்தால் மைக்ரோ-1, மைக்ரோ-206 ஆகியவை பொருந்துவதற்குரிய இடம் ஒன்று புதிதாக அமைந்துவிட்டது. அவ்விரண்டும் தசையில் ஏராளமாதலால், மையோஸ்டாட்டின் குறைந்து தசை திரண்டது. ஆடு வளர்ப்போர் இவற்றின் பெயரையும் அறியாமல், பருத்த ஆட்டைத் தெரிந்தெடுத்ததன் மூலமே இந்த ஓரெழுத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்திருக்கிறார்கள்.

இச்சான்றுகளைக் கண்டு எல்லையற்ற உற்சாகம் கொள்வதும் தவறு. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டியமைக்கும் டைசர் என்ற நொதியைத் தசையில் மட்டும் நீக்கியபோது, சுண்டெலிக் குட்டிகள் குறைந்த தசையோடு பிறந்து, பிறப்பை ஒட்டியே மாண்டன என்பது 2007-இல் தெரிந்தது. ஆனால் மைக்ரோ-206 ஒன்றை மட்டும் நீக்கியபோது தசை வழக்கம்போலவே உருவாயிற்று. நரம்பு வெட்டுண்டபோதுதான், அது தசையோடு மீண்டும் இணையும் காலம் நீண்டது என்று 2009-இல் எழுதப்பட்டது. கூட்டாக இன்றியமையாதவை, தனித்தனியே சோதனைக் காலத்தில் மட்டும் வெளிப்படுபவை என்று இவற்றைக் கொள்வதே பொருந்தும்.

நீண்ட ஆர்.என்.ஏ.க்களின் முறை 2011-இல் வந்தது. ரோமாபுரியின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தில் ஐரீன் பொட்சோனி குழுவினர் லிங்க்-எம்.டி.-1 என்பதைக் கண்டறிந்தார்கள். அது மைக்ரோ-133, மைக்ரோ-135 இரண்டையும் தன்பால் பிடித்துவைத்துக்கொள்வதால், அவற்றால் அடக்கப்படும் மாம்ல்-1, மெப்-2சி ஆகிய புரதங்கள் விடுதலை பெற்று முதிர்ச்சி தொடங்குகிறது. டுஷேன் தசைநலிவு நோயுள்ள சிறுவர்களின் அணுக்களில் இந்த ஆர்.என்.ஏ. மிகவும் குறைந்திருந்தது, அதனை வெளியிலிருந்து அளித்தபோது முதிர்ச்சி ஓரளவு சீரடைந்தது. இரண்டாண்டுகளுக்குப்பின் மையோ-டி ஜீனுக்கு அண்மையிலுள்ள தூண்டற்பகுதிகளும் ஆர்.என்.ஏ. ஆக்குகின்றன என்றும் அவை தசை ஜீன்களைத் திறக்க உதவுகின்றன என்றும் அறியப்பட்டது.

சங்கேதமற்றது என்ற பிரிவே ஐயத்துக்குள்ளாகும் என்பதை ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. டல்லாஸ் நகரில் எரிக் ஆல்சன் குழுவினர் 2015-இல், அப்பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த தசை ஆர்.என்.ஏ. ஒன்று உண்மையில் 46 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட மையோரெகுலின் என்னும் குறும்புரதத்தை ஆக்குகிறதென்றும், அது தசையின் கால்சியம் இறைப்பானைத் தணிக்கிறதென்றும், அதனை இழந்த சுண்டெலிகள் அதிக தூரம் ஓடுகின்றன என்றும் காட்டினார்கள். ஒரு ஜீனை முழுவதும் அழித்துவிட்டுப் பலனை அதன் ஆர்.என்.ஏ.வுக்கே உரித்தாக்கும் பழைய வழக்கம் அன்றோடு பலவீனமடைந்தது. 2017-இல் வெளிவந்த ஸ்பார் என்னும் குறும்புரதத்தைப் பற்றிய ஆய்வில், ஆர்.என்.ஏ.வை அப்படியே விட்டு, அதிலிருந்து புரதம் உண்டாவதை மட்டும் ஜீன் திருத்தத்தால் தடுத்தார்கள். காயமுற்ற தசை விரைந்து புதுப்பிக்கப்பட்டது. இவ்விதமாக இரண்டையும் பிரித்தறியும் பரிசோதனையைத் தசையின் நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் ஒவ்வொன்றின் மேலும் நிகழ்த்துவதே இப்போது செய்ய வேண்டிய காரியமாகும்.