நாட்காட்டி அட்டையின் பெயர்ப்பகுதி: தமிழகச் சிறுவணிக வரலாற்றுக்கு ஒரு சான்று

ஆய்வுச் சுருக்கம்

சிவகாசியில் அச்சாகி, தமிழகமெங்கும் சிறுகடைகளால் வாடிக்கையாளர்க்கு விலையின்றி வழங்கப்படும் தினசரி நாட்காட்டி, நாளுக்கு ஒரு தாளாகக் கிழித்தெறியப்படும் பொருள். ஓராண்டுக் காலம் வீட்டுச் சுவரில் நிற்கும் விளம்பரமும் அதுவே. அதன் படம் கலை வரலாற்று நோக்கில் பெற்ற கவனத்தை, கடையின் பெயரும் முகவரியும் அச்சிடப்படும் பகுதி பெறவில்லை. அப்பகுதி எவ்வாறு உருவானது, எவ்வகை வணிக உறவைச் சார்ந்து இயங்கியது, காலக்கணிப்புக்கு எவ்வாறு உதவும், எந்த எல்லைக்குள் அதனைச் சான்றாகக் கொள்ளலாம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, தினசரி நாட்காட்டி, சிறுவணிகம், விளம்பரம், அச்சு வரலாறு, குறுங்கால அச்சுப்பொருள்.

முன்னுரை

பெருநிறுவனங்களின் வரலாற்றை எழுத முனைவோர்க்கு ஆண்டறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள், செய்தித்தாள் விளம்பரங்கள் முதலியன துணை நிற்கின்றன. ஒரு சிற்றூரின் மளிகைக்கடைக்கோ பாத்திரக்கடைக்கோ இத்தகைய ஆவணங்கள் அரிது. பேரேடுகள் சில ஆண்டுகளில் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குச் செல்கின்றன. கடை கைமாறும்போது பெயர்ப்பலகையும் மாறுகிறது. இந்நிலையில் அக்கடைகள் தம் பெயரைப் பொறித்து வழங்கிய பொருள்களே அவற்றின் இருப்புக்கு எஞ்சும் எழுத்துச் சான்றாகின்றன. தாள் பை, துணிப்பை, விசிறி, நாட்காட்டி என அவை பலவகைப்படும். அவற்றுள் கடையின் பெயர், தொழில், இடம், ஆண்டு ஆகியவற்றை ஒருங்கே தாங்கி நிற்பது நாட்காட்டியாகும். ஆதலின் அது இங்கு ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்படுகிறது.

1. தீப்பெட்டிச் சீட்டிலிருந்து நாட்காட்டிக்கு

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டித் தொழிலின் துணைத்தொழிலாகத் தோன்றியது. 1922இல் பி. ஐய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் இவ்வூரிலும் சுற்று வட்டாரத்திலும் தீப்பெட்டித் தொழிற்கூடங்கள் பெருகின. ஒரு கூடத்தின் பெட்டியை மற்றொன்றிலிருந்து வாங்குவோர் பிரித்தறியத் துணைசெய்தது மேலே ஒட்டப்பட்ட வண்ணச் சீட்டு. அதன் தேவையே கல்லச்சு இயந்திரங்களை இவ்வூருக்குக் கொணர்ந்தது. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுக்கூடங்களுக்கு வேலை தந்தது.

தீப்பெட்டிச் சீட்டும் கழித்தெறியப்படும் பொருளின்மீது அமைந்த விளம்பரமே. எனினும் அது பொருளைச் செய்தவரின் சொந்த முத்திரையை மட்டுமே தாங்கியது. நாட்காட்டியில் இந்த உறவு மாறுகிறது. அச்சிடுபவர் ஒருவர், பெயர் பொறிக்கப்படுபவர் வேறொருவர், பயன்படுத்துபவர் மூன்றாமவர். தன் முத்திரையை அச்சிடும் தொழிலிலிருந்து பிறர் பெயருக்கு இடம் தரும் தொழிலுக்கு அச்சுக்கூடங்கள் நகர்ந்ததே, சிறுவணிகர் வண்ண அச்சை அணுக வழிவகுத்தது எனலாம்.

நாட்காட்டிக்குரிய படங்கள் பெரும்பாலும் அருகிலுள்ள கோவில்பட்டியிலிருந்து வந்தன. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்னர் அவ்வூரில் தங்கிய சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டி வழியே இல்லந்தோறும் சென்றன. இக்கலை மரபைக் கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியான தம் நூலில் இந்தியக் கடைவீதிப் பொருளாதாரத்தோடு இணைத்து விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வின் மையம் படம். இக்கட்டுரையின் மையம் படத்தின்கீழ் உள்ள சில அங்குல இடம்.

2. வெற்றிடம் என்னும் சரக்கு

தினசரி நாட்காட்டியின் அமைப்பு எளிது. தடித்த அட்டையின் மேற்பகுதியில் வண்ணப்படம். மேல்விளிம்பில் தகரப் பட்டையும் மாட்டும் வளையமும். கீழ்ப்பகுதியில் ஆண்டின் நாள்களுக்குரிய தாள்களின் கட்டு. படத்துக்கும் கட்டுக்கும் இடையிலோ அட்டையின் அடியிலோ வெற்றிடம் ஒன்று விடப்படும். படமும் தேதிக்கட்டும் எல்லாக் கடைகளுக்கும் பொதுவாகப் பேரெண்ணிக்கையில் அச்சாகின்றன. கடையின் பெயர் மட்டும் அந்த வெற்றிடத்தில் பின்னர்த் தனியாக ஏற்றப்படுகிறது.

இந்த இருபடி முறையில்தான் தொழிலின் பொருளாதாரம் அடங்கியுள்ளது. பல வண்ணப் படம் அச்சிடும் செலவு பெரியது; அதனை ஒரு சிறுகடை தனியே ஏற்க இயலாது. படம் பொதுவாவதால் அச்செலவு நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பகிரப்படுகிறது. பெயர் ஏற்றும் செலவோ ஒற்றை வண்ண எழுத்தச்சுக்குரிய சிறுதொகையே. எனவே சில நூறு நாட்காட்டிகள் மட்டுமே வேண்டும் கடைக்காரரும் பெருங்கடைக்கு நிகரான வண்ணப் பளபளப்புடன் தம் பெயரைக் காண முடிகிறது.

விற்பனைக்கும் ஓர் ஆண்டுச் சுழற்சி உண்டு. ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசி உற்பத்தியாளர்கள் வரும் ஆண்டுக்குரிய மாதிரிப் படத் தொகுப்பை வெளியிடுவது வழக்கம். முகவர்கள் அத்தொகுப்புடன் ஊர்தோறும் சென்று கடைக்காரர்களிடம் ஆணை பெறுகின்றனர். பிள்ளையாரா, திருமகளா, பள்ளிவாசலா, மாதா கோவிலா, குழந்தையா, இயற்கைக் காட்சியா எனப் படத்தைத் தெரிவு செய்வது கடைக்காரரின் பொறுப்பு. அத்தெரிவில் அவருடைய நம்பிக்கையோடு, தம் வாடிக்கையாளர் யாவர் என்னும் கணிப்பும் சேர்ந்துள்ளது. பல சமயத்தார் வரும் கடைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் பிரித்து ஆணை தருவதும் உண்டு.

3. கொடையும் வாடிக்கையும்

நாட்காட்டி விற்கப்படுவதில்லை, வழங்கப்படுகிறது. ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிக் கடைக்குச் செல்லும் எல்லோர்க்கும் அது கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பொருள் வாங்குவோர், பற்று வைத்து மாதந்தோறும் தீர்ப்போர், நகைச்சீட்டுக் கட்டுவோர் ஆகியோர்க்கே முதலில் எடுத்து வைக்கப்படும். ஆதலின் நாட்காட்டி பெறுதல் என்பது, இன்னார் இக்கடையின் வாடிக்கையாளர் எனக் கடைக்காரர் ஏற்றுக்கொள்வதன் அடையாளமாகிறது. கேட்டும் கிடைக்காமல் திரும்புவது மனக்குறையாக நிற்பதற்கும் இதுவே காரணம்.

கொடுக்கும் உரிமை கடையிடம் இருப்பினும், மாட்டும் உரிமை வீட்டாரிடமே உள்ளது. ஒரு வீட்டுக்கு நான்கைந்து நாட்காட்டிகள் வரும் சூழலில் கூடத்தில் எது, அடுக்களையில் எது, சுருட்டி வைக்கப்படுவது எது என்பதை வீட்டார் முடிவு செய்கின்றனர். இத்தெரிவில் தேதித்தாளின் பயன்பாடு முதன்மை பெறுகிறது. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், விரத நாள், அரசு விடுமுறை என ஒரு பஞ்சாங்கத்தின் சுருக்கமே அதில் அடங்கும். பயணம் புறப்படவும் பேச்சுவார்த்தை தொடங்கவும் நேரம் பார்ப்போர் அத்தாளை நாள்தோறும் நாடுகின்றனர். நாடும்போதெல்லாம் கடையின் பெயர் கண்ணில் படுகிறது. கிழித்த தாளின் வெற்றுப் பின்புறம் மளிகைப் பட்டியல் எழுதப் பயன்பட்டு, மீண்டும் கடைக்கே வந்து சேர்வதும் உண்டு.

விலையின்மை இவ்விளம்பரத்தின் அடிப்படை நிபந்தனையாகும். இதனைப் பிறிதொரு துறையில் எழுந்த வழக்கு தெளிவுபடுத்துகிறது. காலணி நிறுவனம் ஒன்று தன் பெயர் அச்சிட்ட தாள் பைக்கு 3 ரூபாய் பெற்றதை எதிர்த்த வழக்கில், 2019இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம் வாடிக்கையாளர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரை விலை கொடுத்து விளம்பரம் சுமக்கச் செய்தல் முறையன்று என்பதே அங்கு எழுந்த வாதம். தம் சுவரில் பிறர் பெயரைத் தாங்கும் வீட்டார் அதற்கு ஈடாக ஓராண்டுப் பயன்பாட்டைப் பெறுகின்றனர் என்னும் எழுதப்படாத உடன்பாடே நாட்காட்டி வழக்கத்தை நிலைநிறுத்தியுள்ளது.

4. பெயர்ப்பகுதியைக் கொண்டு காலம் கணித்தல்

ஆண்டு முடிந்ததும் தேதிக்கட்டு எஞ்சுவதில்லை. படத்துக்காக அட்டை மட்டும் சில வீடுகளில் பாதுகாக்கப்படுகிறது. கட்டுடன் ஆண்டும் மறைந்துவிடுவதால், அட்டையின் காலத்தைப் பெயர்ப்பகுதியிலிருந்தே கணிக்க வேண்டியுள்ளது. அதற்குப் பின்வரும் அகச்சான்றுகள் உதவும்.

முதலாவது, முகவரி. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வெண் உள்ள அட்டை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நிருவாகப் பெயர்களும் இவ்வாறே பயன்படும். சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர்க் காமராசர் மாவட்டத்திலும், 1997இன் பெயர் மாற்றத்துக்குப் பின் விருதுநகர் மாவட்டத்திலும் இடம்பெற்றது. எனவே காமராசர் மாவட்டம் எனக் குறிக்கும் அட்டையை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு எல்லைக்குள் அடக்கலாம்.

இரண்டாவது, எழுத்து வடிவம். ணை, லை, னை, றா, னா முதலியவற்றின் சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஆணையின் வழி நடைமுறைப்படுத்தியது. புதிய வடிவம் மட்டுமே கொண்ட அட்டை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகலாம். ஆனால் பெரியாரின் இதழ்கள் அவ்வடிவங்களை முன்பே கையாண்டன என்பதையும், பழைய ஈய எழுத்துகளை வைத்திருந்த சிறு அச்சகங்கள் ஆணைக்குப் பின்னும் அவற்றைத் தொடர்ந்திருக்க இடமுண்டு என்பதையும் கருத வேண்டும். ஆகவே இச்சான்றைத் தனித்துக் கொள்ளாமல் முகவரிச் சான்றோடு சேர்த்தே கொள்ளுதல் தகும்.

மூன்றாவது, தொலைபேசி எண். சிற்றூர்த் தொலைபேசி நிலையங்களின் மூன்று, நான்கு இலக்க எண்கள், பின்னர் நீண்ட எண்கள், அதன்பின் பத்திலக்கக் கைப்பேசி எண்கள் என்னும் வரிசை பொதுவான முற்பாடு பிற்பாட்டைக் காட்டும். இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995இல் ஆதலால், கைப்பேசி எண் அதற்குரிய மேல் எல்லையைத் தருகிறது.

காலக்கணிப்புக்கு அப்பாலும் பெயர்ப்பகுதி செய்தி தருகிறது. தலைப்பில் இடப்படும் பிள்ளையார் சுழி, 786, சிலுவை ஆகியன கடையின் சமய அடையாளத்தையும், கடைப்பெயரில் வரும் குலதெய்வம், தந்தை பெயர், சாதிப் பின்னொட்டு ஆகியன குடும்ப அடையாளத்தையும் சுட்டுகின்றன. தெரு எண்ணை விடப் 'பேருந்து நிலையம் எதிரில்', 'மாரியம்மன் கோவில் அருகில்' என்பன போன்ற குறிப்புகளே மேலோங்குவது, இவ்விளம்பரம் ஊரறிந்தோரை நோக்கியது என்பதை உணர்த்தும். ஒரே கடையின் பல ஆண்டு அட்டைகள் கிடைப்பின், தந்தை பெயரோடு மகன் பெயர் சேர்வதையும், விற்கும் பொருள்களின் பட்டியல் மாறுவதையும் தொடர்ந்து காணலாம்.

5. சான்றின் வரம்புகள்

எஞ்சியுள்ள அட்டைகள் வழங்கப்பட்டவற்றின் நேர்மையான மாதிரி அல்ல. தெய்வப் படத்தைக் குப்பையில் இடத் தயங்கும் மக்கள் அதனைச் சட்டமிட்டு வைக்கின்றனர். அல்லது கோவில் மரத்தடியில் சேர்க்கின்றனர். குழந்தைப் படமோ இயற்கைக் காட்சியோ அத்தகைய காப்பைப் பெறுவதில்லை. எனவே இன்று கிடைப்பவற்றைக் கொண்டு, சிறுவணிகர் பெரும்பாலும் தெய்வப் படங்களையே விரும்பினர் என முடிவு செய்தல் பிழையாகும். காப்பதில் உள்ள சார்பைக் கடைக்காரரின் தெரிவாகக் கொள்வதாக அது அமைந்துவிடும். மேலும், நாட்காட்டி அச்சிடும் வசதியற்ற நடைபாதைக் கடையினரும் கூடையில் சுமந்து விற்போரும் இச்சான்றில் இடம்பெறவே இல்லை. கடையில் உழைக்கும் பெண்களின் பெயரும் உரிமையாளர் வரிசையில் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

தொகுப்பு நிலையும் குறைபாடுடையது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தால் நூலகங்களுக்கு நூல்கள் வந்து சேர்கின்றன. நாட்காட்டி அட்டைகள் அவ்வழியே வருவதில்லை. தனிமனித முயற்சியே இங்குத் துணையாகியுள்ளது. விளம்பரப் பலகை ஓவியராக விளங்கிய கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கை, அழைப்பிதழ் போன்றவற்றையும் சேர்த்தமையால்தான், 1994இல் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் அவை இன்று ஆய்வுக்குக் கிடைக்கின்றன.

முடிவுரை

நாட்காட்டி அட்டையின் பெயர்ப்பகுதி, பெருந்தொகை அச்சின் செலவைப் பலர்க்குப் பகிர்ந்து, சிறுவணிகர்க்கு வண்ண விளம்பரத்தை எட்டச் செய்த ஏற்பாட்டின் விளைவாகும். அது வாடிக்கை என்னும் உறவைச் சார்ந்து இயங்கியது. அவ்வுறவின் எழுத்துத் தடமாகவும் எஞ்சியுள்ளது. ஒன்றிய நிதி அமைச்சகம் 2020 செப்டம்பர் 2 அன்று அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சுவர் நாட்காட்டி அச்சிடுதலை நிறுத்துமாறு ஆணையிட்டது. இவ்வாணைக்கு உட்படாத சிறுகடைகள் இன்றும் அவ்வழக்கத்தைத் தொடர்கின்றன. ஆயினும் நாளும் நேரமும் கைப்பேசியில் கிடைக்கும் சூழலில், சுவரில் ஆணி அடித்து மாட்டும் வீடுகள் எத்தனை காலம் தொடரும் என்பது ஐயத்திற்குரியது. எனவே மாவட்ட அளவில் கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறைகள் மாணவர் துணையுடன் பழைய அட்டைகளைத் திரட்டி, படத்தோடு பெயர்ப்பகுதியின் முழு வாசகத்தையும் படியெடுத்து, கிடைத்த இடத்தையும் வீட்டாரின் நினைவையும் பதிவு செய்தல் உடனடித் தேவையாகும். படத்தை மட்டும் ஒளிப்படமெடுத்து அடிப்பகுதியை வெட்டிவிடும் தொகுப்புமுறை, கடையொன்று இருந்தமைக்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்றையும் இழக்கச் செய்யக்கூடும்.