சென்னைக்குப் போகுமுன் சதிர்

ரியோவில் சம்பா பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். பாஹியாவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினப் பெண்களின் வீடுகளில் வளர்ந்த ஆட்டத்தை முதலில் போலீஸ் விரட்டியது. 1930களில் வர்காஸ் அரசு அதையே நாட்டின் முகமாக்கியது. தியா சியாட்டா வீட்டில் பலர் கூடிக் கட்டியதாகச் சொல்லப்படும் பாட்டு, 1916இல் டோங்கா பெயரில் பதிவானது. இன்று பரதநாட்டியம் எனப்படும் காவிரிக் கரையின் சதிருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். ஊர்க்கோயில்களில் முடங்கிக் கிடந்த ஆட்டத்தைச் சென்னை சபாக்காரர்கள்தான் மீட்டு உலகறியச் செய்தார்கள் என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சதிர் அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கலை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளில் (கோயில் ஆடல்மகளிரில்) திருவாரூர்க் கோயில்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒவ்வொருத்தியின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். முகமற்ற கூட்டத்தைப் பற்றி இப்படியா எழுதி வைப்பார்கள்? அடுத்த தலைமுறையில் இன்னும் துணிச்சலான ஒருத்தி வருகிறாள்: ராஜேந்திர சோழனின் அணுக்கியார், அதாவது நெருங்கிய துணைவி, நக்கன் பரவை நங்கை. ஆரூர்க் கோயில் கற்றளியானதிலும், விமானம் பொன் வேய்ந்ததிலும் அவள் பங்கைக் கல்வெட்டு மறைக்கவில்லை. தேரில் அரசனுக்குப் பக்கத்தில் அமர்ந்து கோயிலுக்கு வந்திருக்கிறாள். இருவரும் நின்று தொழுத இடம் தெரியட்டும் என்று அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள். பட்டத்தரசிகள் இருக்க, அணுக்கிக்குச் சரிசமமாக விளக்கு! சுந்தரரின் பரவையார் வாழ்ந்த ஊரில் அதே பெயரோடு ஒருத்தி இப்படி நின்றது எனக்குக் கங்கை வெற்றியைவிடப் பெரிய செய்தி. விழுப்புரத்துக்கு அருகே பனையவரம் அவள் பெயரால் பரவைபுரமானது.

நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். முத்துசாமி தீட்சிதரிடம் பாடம் கேட்ட சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினார்கள். சின்னையா மைசூருக்கும் வடிவேலு திருவிதாங்கூருக்கும் போனார்கள். 1838இல் திருவந்திபுரத்து ஆட்டக்காரிகள் பாரிஸில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவளுக்கு அங்கே வெண்கலச் சிலையே வடித்தார்கள். 1880இல் தஞ்சை இளவரசி பரோடாவுக்கு வாழ்க்கைப்பட்டபோது ஆட்டக்காரிகளும் நட்டுவனார்களும் கூடவே போனார்கள். இத்தனைக்கும் சென்னையில் மியூசிக் அகாதெமி இன்னும் பிறக்கவில்லை.

1935இல் ருக்மிணி தேவி மேடையேறாவிட்டால் கலையே அழிந்திருக்கும் என்பார்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள். வற்றியது வருமானமும் மதிப்பும்தான். என் வாதத்துக்கு இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. திருவாரூரில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த மரபிலிருந்தே வந்து, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். 1936இல் மைனர்களையும் தாசி வாழ்க்கையையும் தோலுரிக்கும் நாவல் எழுதினார். பரவை நங்கையின் விளக்கைக் காட்டி அவர் கண்ட அவலத்தை மறைத்தால் அது அயோக்கியத்தனம். ஆனால் பொட்டுக்கட்டு ஒழிய வேண்டும் என்பதற்கும், ஆட்டம் அந்த வீட்டுப் பெண்களைவிட்டுப் போக வேண்டும் என்பதற்கும் என்ன சம்பந்தம்? நட்டுவனார்கள் குருமார்களாக மேடையோரம் நீடித்தார்கள். ஆடியவர்களின் பெண்மக்களில் பாலசரஸ்வதி போன்ற சிலர் நீங்கலாகப் பெரும்பாலோர் சலங்கையை அவிழ்க்க நேர்ந்தது. திருவாரூர்த் தியாகராஜர் சந்நிதியில் ஆடும் உரிமை பெற்றிருந்த கொண்டி மரபினரும் அதற்கு விலக்கல்ல. இதைச் செய்தவர்களை மீட்பர்கள் என்று எழுத என் பேனா மறுக்கிறது.

பொட்டுக்கட்டை ஒழித்த சட்டம் பற்றிய 1947 சட்டசபை விவாதத்தை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பரவை நங்கை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். அன்றைய முதல்வர் ஓமந்தூரார் அடுத்த இதழில் வருவார்.