நோரா வெப்ஸ்டரின் வீட்டுக்குள் வந்த 1972

செத்தவீடு முடிந்து கன நாளாகியும் சனம் வருவது நிற்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் யாராவது கதவைத் தட்டுவினம். அதே ஆறுதலைத் திரும்பத் திரும்பக் கேட்டு நோராவுக்கு அலுத்துப்போகிறது. கொல்ம் டோபீனின் ‘நோரா வெப்ஸ்டர்’ (2014) இப்படித்தான் தொடங்குகிறது. இடம் அயர்லாந்தின் எனிஸ்கோர்த்தி, காலம் 1960களின் கடைசி. கணவர் மோரிஸ் ஊர் மதித்த ஆசிரியர். அவர் போனபிறகு மிஞ்சியது நாலு பிள்ளைகளும் விதவைப் பென்சனும்.

குடும்பக் கதை என்று நினைத்துத்தான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். நோரா பழைய கந்தோருக்கே திரும்பவும் வேலைக்குப் போகிற இடத்தில்தான் இது சரித்திரமும் என்று விளங்கியது. கலியாணத்தோடு வேலையை விட்டவள் அவள். அந்தக்கால அயர்லாந்தில் அரச சேவையில் இருந்த பெண் கலியாணம் கட்டினால் விலகியே ஆகவேண்டும், விதியே இருந்தது. 1973இல்தான் அதை எடுத்தார்கள். நோராவினது தனியார் கந்தோர். ஆனாலும் வழக்கம் அதுதான்.

பிறகு 1972. ஜனவரி 30, டெரியில் சிவில் உரிமை ஊர்வலத்தில் வந்த சனத்தின் மீது பிரிட்டிஷ் இராணுவம் சுட்டது. 13 பேர் அன்றைக்கே செத்தார்கள், காயப்பட்ட ஒருவர் பிறகு செத்தார். பெப்ரவரி 2ஆம் திகதி டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. நோரா இதையெல்லாம் ரீவியில்தான் பார்க்கிறாள். ஆனால் மகள் ஓன்யா டப்ளினில் படிக்கிறாள், அரசியலில் இறங்கினவள். அவளிடமிருந்து தகவல் இல்லை. ஏற்கெனவே ஒரு சாவைக் கண்ட வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு என்ன மாதிரி என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எழுதாது.

எண்டாலும் எங்களை மிச்சம் உலுக்கினது டோனலின் திக்குவாய்தான். தகப்பன் சாகக்கிடந்தபோது டோனலையும் தம்பியையும் உறவுக்காரியான ஜோசி வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த நாட்களில் தாய் ஒருக்காலும் போய்ப் பார்க்கவில்லை. நோராவை நல்லவள் கெட்டவள் என்று டோபீன் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்களுக்கோ கோபம் வந்தது. டோபீனின் தகப்பனும் இதே ஊரில் ஆசிரியர். 1967இல், மகனுக்கு 12 வயதில், செத்தவர். இந்தப் புத்தகத்தை எழுதி முடிக்க அவருக்குக் கன வருசம் பிடித்தது.

டோனல் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. அவனுக்குக் கமராதான் எல்லாம். 1969இல் சந்திரனில் மனிதன் இறங்கியபோது, ரீவித் திரையையே படம் பிடித்துக்கொண்டிருந்தான்.