பக்கத்துக்கு விலையா, வாசகருக்கு விலையா? சின்ன வலைப்பதிவுகளின் விளம்பரக் கதை

விளையாட்டுக் கழக மலருக்கு விளம்பரம் சேர்க்கப் போன ஆக்களுக்கு இந்த வேலை விளங்கும். கையில் பற்றுச்சீட்டுப் புத்தகம், போன வருட மலரின் ஒரு பிரதி. ஹாட்வெயார் கடை, நகைக்கடை, ஸ்ரூடியோ, ரியூசன் சென்ரர் எண்டு வரிசையா ஏறி இறங்கவேணும். முழுப்பக்கம், அரைப்பக்கம், கால்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. முதலாளி பழைய மலரைப் புரட்டிப் பார்ப்பார், "ஆர் ஆர் எழுதினம்?" எண்டு கேப்பார், பிறகு லாச்சியைத் திறப்பார். அவர் வாங்குவது ஒரு பக்கத்தை. அதை ஊரில் ஆர் வாசிப்பினம் என்று அவருக்குக் குத்துமதிப்பாத் தெரியும், அது அவருக்குப் போதும்.

எங்கள் தளத்தின் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் காசு கட்டவேண்டிய மாதம் வந்தபோது, கூட்டத்தில் ஒருத்தர் "விளம்பரம் போட்டா என்ன?" எண்டு கேட்டார். எந்த நெட்வொர்க் நல்லது எண்டு பாத்துச் சொல்லுற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினால், பழைய நெட்வொர்க்குகள் செத்துப்போன கதைகள்தான் கூடச் சுவாரசியமா இருந்தன. அவற்றைப் படித்தபிறகுதான் இப்ப இருக்கிறவை ஏன் இப்படி இருக்கின்றன என்று விளங்கிச்சுது.

1994 ஒக்டோபர் 27 அன்று 'வயர்ட்' சஞ்சிகையின் இணையப் பிரிவான ஹொட்வயர்ட் தொடங்கியபோது, அதன் பக்கங்களில் நீளப்பட்டி வடிவில் சில விளம்பரங்கள் இருந்தன. ஏடி அன்ட் டி நிறுவனத்தின் பேனர் அதில் பேர்போனது. பார்த்த நூறு பேரில் நாற்பத்திச் சொச்சம் பேர் அதைக் கிளிக் செய்ததாக அதைச் செய்தவர்களே பிறகு சொன்னார்கள். இண்டைக்கு நூறுக்கு ஒருத்தர் கிளிக் பண்ணினாலே பெரிய விசயம். கவனிக்கவேண்டியது வேறொன்று: அந்த விளம்பரங்கள் மலர் விளம்பரம் மாதிரித்தான் விற்கப்பட்டன. இவ்வளவு காலத்துக்கு, இந்த இடம், இவ்வளவு காசு.

ஒவ்வொரு தளத்தோடும் தனித்தனியாப் பேரம் பேசுவது விளம்பரக்காரருக்குக் கஷ்டம். அதனால் இடையில் தரகர்கள் வந்தார்கள். 90களின் நடுவில் தொடங்கிய டபிள்கிளிக் அதில் பெரியது. ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று அவர்கள் பல தளங்களின் இடங்களை ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். ஆனால் அந்த வாசல் பெரிய தளங்களுக்குத்தான் திறந்திருந்தது. வீட்டிலிருந்து ஒரு பக்கம் நடத்துகிற ஆளுக்கு அங்கே வேலையில்லை.

சின்ன ஆக்களுக்காக வந்த முதல் ஏற்பாட்டில் காசே இல்லை. 1996இல் டோனி ஷேயும் சஞ்சய் மதானும் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச் ஒரு பண்டமாற்று. உன் பக்கத்தில் மற்றவர்களின் பேனரை இரண்டு தடவை காட்டினால், உன் பேனரை வேறெங்கோ ஒரு தடவை காட்டுவோம். மிச்ச ஒரு தடவை? அதுதான் கொம்பனியின் பங்கு; அதைச் சேர்த்து விளம்பரக்காரருக்கு விற்றார்கள். ஆயிரக்கணக்கான சின்னப் பக்கங்களிலிருந்து கிள்ளி எடுத்த அந்தப் பாதிகளைச் சேர்த்த கொம்பனியை, 1998இல் மைக்ரோசொப்ட் 265 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பேனர் போட்டவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச வாசகர்கள். பிழை சொல்லேலாது, ஒப்பந்தம் அதுதானே. ஆனாலும் அந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கோ, திரும்பத் திரும்ப வரும்.

2000இல் டொட்கொம் குமிழி உடைந்தது. பேனர் விலையும் விழுந்தது. அந்த இடிபாட்டுக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு எதிர்எதிரான வழிகள் பிறந்தன.

ஒன்று புளொக்அட்ஸ். ஹென்றி கோப்லண்ட் 2002இல் தொடங்கியது. இதில் வலைப்பதிவர்தான் விலையை வைப்பார், ஒரு வாரத்துக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று. வருகிற விளம்பரம் பிடிக்காவிட்டால் மறுக்கலாம். விளம்பரக்காரர் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, இன்ன இன்ன வலைப்பதிவு என்று தெரிந்து வாங்குவார். அப்படியே எங்கட மலர் முறை, பற்றுச்சீட்டுப் புத்தகம் மட்டும்தான் இல்லை. 2004 தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஒரு இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பென் சான்ட்லர் சுமார் 2,000 டொலருக்கு அரசியல் வலைப்பதிவுகளில் விளம்பரம் வாங்கினார். அதற்குப் பதிலாக வந்த நன்கொடை சுமார் 80,000 டொலர். தேர்தலிலும் வென்றார். அந்த வலைப்பதிவுகளின் வாசகர் தொகை பெரிய பத்திரிகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அவை ஆரிட்டப் போகுது என்பது விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றது அட்சென்ஸ். 2003 ஜூனில் கூகுள் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான், பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து அது எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வைத்திருந்த அப்பிளைட் செமன்டிக்ஸ் என்ற கொம்பனியைக் கூகுள் வாங்கியிருந்தது. அதே வருடம் புளொக்கர் சேவையையும் வாங்கியிருந்தது. இனி ஆரிட்டையும் கேட்கத் தேவையில்லை. ஒரு துண்டுக் கோட்டைக் கொப்பி பண்ணி ஒட்டினால் சரி. நாய் வளர்ப்பு பற்றி எழுதினால் நாய்ச்சாப்பாட்டு விளம்பரம் தானே வரும். கிளிக்குக்குக் காசு. எத்தனை பேர் வாசிக்கினம் என்ற கேள்வியே இல்லை. பத்துப் பேர் வாசிக்கிற வலைப்பதிவுக்கும் கதவு திறந்தது. இது உண்மையிலேயே பெரிய விசயம், குறைச்சுச் சொல்லக்கூடாது.

ஆனால் 'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்குள் நாங்கள் இருக்கவில்லை. இயந்திரம் பக்கத்தை வாசித்துத்தான் விளம்பரம் தெரிய வேணும். அதுக்குத் தமிழ் ஆதரவு பெற்ற மொழி இல்லை. எங்கட பழைய தளங்களில் கனக்க பாமினி எழுத்துருவில் இருந்தன. அவை இயந்திரத்தின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளின் அர்த்தமில்லாத குவியல். யூனிகோட் பரவி, தமிழ்மணம் மாதிரித் திரட்டிகள் வந்து, தமிழ் வலைப்பதிவு உச்சத்தில் இருந்த வருடங்கள் முழுக்க இந்த நிலைதான். ஹிந்திக்கு 2014 கடைசியில் கதவு திறந்தது, வங்காளத்துக்கு 2017இல். தமிழுக்கு 2018 தொடக்கத்தில். அதுக்குள்ள எழுதினவர்களில் பெரும்பகுதி ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். காசு கிடைச்சிருந்தா இருந்திருப்பினமோ என்று கேட்டால், நான் நம்பமாட்டன். ஆனால் பக்கத்தைப் பார்த்து விலைபோட்ட அந்த நல்ல காலம் எங்களைத் தொடாமலே போய்விட்டது என்பது உண்மை.

ஏனெண்டால் அதற்கிடையில் விளையாட்டே மாறிவிட்டது. 2007இல் டபிள்கிளிக்கை 3.1 பில்லியன் டொலருக்கு வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. 2008இல் வேலை முடிந்தது. 2009இல் அட்சென்ஸ் விளம்பரங்கள் வாசகரின் ஆர்வங்களைப் பார்த்து வரத் தொடங்கின. அதாவது நீங்கள் முதல்நாள் சப்பாத்து தேடியிருந்தால், மறுநாள் கவிதைப் பக்கத்திலும் சப்பாத்து வரும். அதே காலத்தில் உடனடி ஏலமும் வந்தது. ஒரு ஆள் பக்கத்தைத் திறந்த கணத்தில், அந்த ஆளைக் காட்டி ஏலம் நடக்கும். கண் இமைக்க முதல் முடியும். பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். வாங்கப்படுவது ஆள்.

சின்னத் தளத்துக்கு இதன் அர்த்தம் என்ன? ஒரே கட்டுரையை ஸ்காபரோவிலிருந்து ஒருத்தரும் கிளிநொச்சியிலிருந்து ஒருத்தரும் வாசிக்கினம். எழுதின உழைப்பு ஒன்று, பக்கம் ஒன்று. ஏலத்தில் கனடா வாசகருக்குப் போகும் விலையில் ஒரு துளிதான் கிளிநொச்சி வாசகருக்கு. ஆருக்காக எழுதுகிறோமோ அவர்தான் கணக்கில் மலிவு.

இந்த ஓட்டத்துக்கு எதிராக நின்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். சிக்காகோவைச் சேர்ந்த ஜிம் கூடால் 2006இல் தொடங்கிய 'த டெக்'. வடிவமைப்பு, மென்பொருள் பற்றி எழுதும் தளங்களுக்கு மட்டும், அழைப்பின் பேரில். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சின்ன விளம்பரம். தாங்கள் காசு கொடுத்து வாங்காத, பாவித்துப் பாராத பொருளுக்கு விளம்பரம் எடுக்கமாட்டோம் என்பது அவர்களின் சட்டம். வாசகரைப் பின்தொடர்வதும் இல்லை. ஏறத்தாழ பத்து வருடம் நன்றாக ஓடியது. 2014 அளவில் விளம்பரக் காசு சமூக ஊடகங்களின் பக்கம் திரும்ப, 2017இல் மூடிவிட்டார்கள். மற்றவையும் ஒவ்வொன்றாப் போயின. யாஹூவின் நெட்வொர்க் அமெரிக்கத் தளங்களுக்கு மட்டும் இருந்து 2010இல் மூடப்பட்டது. அட்பிரைட் 2013இல். தெலுங்கில் விரல் சொடுக்கைக் குறிக்கும் பெயரோடு அமெரிக்காவில் தொடங்கிய சிட்டிகா 2019இல்.

இப்ப இருக்கிறவைக்கு வருவம். மீடியாவைன், ரப்டிவ் போன்றவை ஏலத்தைத் தாங்களே நிர்வகித்து அட்சென்ஸைவிடக் கூடக் காசு எடுத்துத் தருபவை. மீடியாவைன் கனகாலம் மாதம் 50,000 வருகைகள் கேட்டது. 2024இல்தான் சின்னத் தளங்களுக்கென்று 10,000 வருகையில் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. ரப்டிவ், முந்தி அட்திரைவ், நீண்டகாலம் மாதம் 100,000 பக்கப் பார்வைகள் கேட்டது. அதோடு இன்னொரு நிபந்தனை: வாசகரில் பெரும்பான்மை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வரவேணும். ஒளிவுமறைவு இல்லை, அப்படியே எழுதிவைத்திருந்தார்கள். எதிக்கல்அட்ஸ் வாசகரைப் பின்தொடராமல் பக்கத்தை மட்டும் பார்க்கிறது, டெக்கின் வாரிசு மாதிரி. ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்களின் தளங்களுக்கு மட்டும்.

ஆக எங்களுக்கு மிஞ்சுவது அட்சென்ஸ். பங்கு விகிதம் மோசமில்லை: 2010இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி விளம்பரக்காரர் தரும் காசில் 68 வீதம் தளத்துக்கு. 2024இல் கிளிக் கணக்கை விட்டுப் பார்வைக் கணக்குக்கு மாறினார்கள். பத்து டொலர் சேர்ந்ததும் தபாலில் ஒரு இரகசிய எண் வரும், அதைப் பதிந்தால்தான் அடுத்த கட்டம். நூறு டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். "எங்கட விளம்பரத்தை ஒருக்காக் கிளிக் பண்ணுங்கோ" எண்டு வாசகரைக் கேட்டால் கணக்குப் பறிபோகும். எங்கள் அளவில் அந்த நூறு டொலரைச் சேர்க்கப் பல வருடம் எடுக்கும். அதுவரை அந்தச் சில்லறை அவர்களிடம் இருக்கும். லிங்க்எக்ஸ்சேஞ்ச் கணக்கு நினைவிருக்கா?

2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பர ஏலச் சந்தையிலும் தளங்கள் பாவிக்கும் விளம்பர சேவையகத்திலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பளித்தார். செப்டெம்பரில் ஐரோப்பிய ஆணையம் 2.95 பில்லியன் யூரோ அபராதம் போட்டது. இதனால் சின்னத் தளத்துக்கு ஏதும் மாறுமோ எண்டு கூட்டத்தில் கேட்டார்கள். ஏலம் நடத்துகிற ஆள் மாறலாம், ஏலத்தில் நிற்கப்போவது வாசகர்தான் எண்டன்.

இந்த முறைக் காசை ஏழு பேர் பங்குபோட்டுக் கட்டியாச்சு. அடுத்த வருடத்துக்கு, பக்கத்தின் அடியில் ஒரேயொரு படம், மூன்று மாதத்துக்கு ஒரு விலை எண்டு எழுதி, புத்தகக் கடை ஒண்டையும் அச்சகம் ஒண்டையும் போய்க் கேக்கிறதா முடிவு. பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்கவேணும்.